புதினா குச்சி குச்சியாகப் போகிறது, பிடுங்கிவிடலாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம், கரிசல் மண். கொல்லையில் குழாயடி ஓரம் புதினா வைத்து ஒரு வருஷம் ஆகிறது. முதலில் நன்றாகப் படர்ந்தது, இப்போது தண்டுதான் நீள்கிறது, இலை சின்னதாகிவிட்டது, நடுவில் மொட்டையாகக் கிடக்கிறது. சட்னிக்கு வேண்டும்போது இலை கிள்ளுவதோடு சரி. பிடுங்கிப் போட்டுவிடலாமா?

பதில்: பிடுங்காதீர்கள் அக்கா. புதினா லேசில் சாகிற செடி இல்லை, ஒழுங்காக அறுத்து வந்தால் ஒரு தடவை நட்டது நாலு வருஷம் வரைக்கும் கொடுக்கும். நீங்கள் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டே இருப்பதால்தான் தண்டு முற்றிக் கட்டையாகிவிட்டது. ஒரு தண்டைக் கையில் பிடித்துப் பாருங்கள், கணுவுக்குக் கணு எதிரெதிராக இரண்டு இலை, ஒவ்வொரு இலை இடுக்கிலும் ஊசி முனை அளவுக்கு ஒரு மொட்டு இருக்கும். மேலே நுனி இருக்கிற வரை அது பெரும்பாலும் அப்படியே தூங்கும், நுனியை அறுத்தால்தான் இரண்டு பக்கமும் துளிர்த்து ஒரு தண்டு இரண்டாகும்.

அதனால் கத்திரியை எடுத்து தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, கணுவுக்கு மேலே வெட்டுங்கள். பாத்தி முழுவதையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம், இன்றைக்குப் பாதி, அது துளிர்த்து வந்ததும் மீதி, அப்போது வீட்டுக்கு எப்போதும் இலை இருக்கும். வெட்டிய இடத்தில் மக்கிய சாணி எரு ஒரு கை தூவித் தண்ணீர் விடுங்கள். அப்புறம் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒரு அறுப்பு, பூ எடுப்பதற்கு முன்னாலேயே. பூத்துவிட்டால் வாசம் குறைந்துவிடும்.

நடுவில் மொட்டையான இடத்துக்கு வேறு நாற்று வாங்க வேண்டியதில்லை. ஓரத்தில் தரையோடு ஓடுகிற தண்டில் கணுவுக்குக் கணு வெள்ளையாக வேர் இறங்கியிருக்கும், அதை ஒரு சாண் துண்டாக நறுக்கிப் படுக்க வைத்து மண் மூடினால் போதும். ஆனால் கரிசலில் தண்ணீர் தேங்கும், வேர் அழுகும், ஆகவே மணலும் எருவும் கலந்து பாத்தியை அரையடி உயர்த்திக்கொள்ளுங்கள். புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

சித்திரை வெயிலில் மட்டும் மதியத்துக்கு மேல் நிழல் வேண்டும், முருங்கை நிழல் இருந்தால் அதுவே போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும், அப்போது அரிசி கழுவுகிற தண்ணீரை ஊற்றுங்கள், சோப்புத் தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் ஓட விடாதீர்கள்.