இட்லிப்பூவா, நந்தியாவட்டையா? பூவைப் பார்க்கும் முன் மண்ணைப் பாருங்கள்

கேள்வி: காம்பவுண்டு சுவர் ஓரம் வேலிபோல வைக்க இட்லிப்பூ நல்லதா, நந்தியாவட்டை நல்லதா? இரண்டும் எப்போதும் பச்சையாகத்தான் இருக்குமாமே, பராமரிப்பு எதற்குக் குறைவு?

“இரண்டும் ஒன்றுதான், வைத்துவிட்டால் தானாக வளரும்” என்று இதற்குப் பதில் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதை நம்பி பத்து இட்லிப்பூச் செடி வாங்கி வைத்து, ஆறே மாதத்தில் எல்லாம் எலுமிச்சம்பழ நிறத்துக்கு வெளுத்த பிறகுதான் காரணம் தேடத் தொடங்குகிறார்கள்.

உங்கள் வீடு புதிதாகக் கட்டியது, சுவருக்கும் சிமெண்டு தரைக்கும் நடுவில் மூன்றடி மண்தான் இருக்கிறது, பாய்ச்சுவது போர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்படியானால் நந்தியாவட்டை வையுங்கள். இட்லிப்பூ வேண்டுமென்றால் தொட்டியில் வையுங்கள்.

காரணம் இரும்பு. இட்லிப்பூ புளிப்பு மண்ணுக்கான செடி. வெட்சி என்ற பழைய பெயரோடு நம் மேற்குக் கரையோரச் செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் தானாக வளர்வது. மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்ணான பி.எச். (7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் அதற்குச் சுகம். பி.எச். 7.5-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும் கரையாத வடிவத்துக்குப் போய்விடும், வேரால் எடுக்க முடியாது. புதுச் சுவர் ஓரத்து மண்ணில் பூச்சுக் கலவையும் சிமெண்டுத் தூளும் புதைந்து கிடக்கும். போதாததற்கு போர் தண்ணீரின் உப்பும் சேரும், பி.எச். ஏறிவிடும். ஒரு பிடி உலர்ந்த மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். நுரைக்காவிட்டாலும் பி.எச். சோதித்துவிட்டு முடிவெடுங்கள். கந்தகத் தூள் போட்டால் மண் சரியாகிவிடும் என்பார்கள். சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் அது பெரிதாகப் பலிக்காது, கந்தகம் உண்டாக்கும் அமிலத்தைச் சுண்ணாம்பே தின்றுவிடும்.

இலை மஞ்சளானால் முதலில் எந்த இலை என்று பார்க்க வேண்டும். நுனியில் வரும் புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. அடி இலையின் ஓரங்கள் மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக நின்றால் மெக்னீசியக் குறை. எதற்கெடுத்தாலும் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) போடு என்கிற யோசனை இரண்டாவதற்குத்தான் பொருந்தும், முதலாவதற்குத் துளியும் உதவாது.

இரும்புக் குறைக்கு 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (ஃபெரஸ் சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை. அன்னபேதி வெளிர்பச்சையாக இருக்க வேண்டும், பழுப்பேறியது வேண்டாம். தரையில் சிந்தினால் துருக்கறை லேசில் போகாது. இது தற்காலிக மருந்துதான், அடுத்து வரும் தளிர் மறுபடி வெளுக்கும். மண்ணில் ஊற்றுவதானால் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு உரம் என்று கேட்டு வாங்குங்கள். இ.டி.டி.ஏ. வகை மலிவு, ஆனால் சுண்ணாம்பு மண்ணில் நிலைக்காது. தண்ணீர் தேங்கினாலும் இதே வெளுப்பு வரும் என்பதால், மருந்துக்கு முன் வடிகாலைச் சரிபாருங்கள்.

தொட்டி என்றால் 12 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். செம்மண் 2 பங்கு, மக்கிய தொழுவுரம் 1, அலசிய தென்னை நார்க்கழிவு 1, ஆற்றுமணல் 1. மாதம் ஒருமுறை அம்மோனியம் சல்பேட் ஒரு தேக்கரண்டி அளவு, ஈர மண்ணில் தூவித் தண்ணீர் விடுங்கள். அது தழைச்சத்தும் தரும், வேர்ப்பகுதியின் புளிப்பையும் காக்கும். இட்லிப்பூவின் வேர் மேலாக ஓடும், வறட்சி தாங்காது. காய்ந்த இலையால் இரண்டு அங்குல மூடாக்கு போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். நேரடி வெயில் ஐந்து மணி நேரமாவது இல்லையென்றால் இலைதான் இருக்கும், பூ இருக்காது.

நந்தியாவட்டைக்கு இவ்வளவு பாடு இல்லை. செம்மண், கரிசல், ஓரளவு சுண்ணாம்பு எல்லாவற்றிலும் வளரும், அரை நிழலிலும் பூக்கும். இரண்டு நாள் தண்ணீர் விடாவிட்டால் இலை தொங்கும், விட்டதும் நிமிரும். நீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகும். ஆனால் அகலம் கேட்கும். செடிக்குச் செடி மூன்றடி, சுவரிலிருந்து இரண்டடியாவது வேண்டும். ஆறேழு அடி உயரம் போகும். குட்டை இட்லிப்பூ ஒன்றரை அடி இடைவெளியில் நெருக்கமாக நிற்கும், மூன்றடிக்கு மேல் அவ்வளவாகப் போகாது. மணம் வேண்டுமென்றால் அடுக்கு நந்தியாவட்டை. இரவில் நன்றாக மணக்கும். சிவப்பு இட்லிப்பூவுக்கு மணமில்லை, ஆனால் வண்ணத்துப்பூச்சிகள் தேடி வரும்.

கவாத்தில், அதாவது கிளை வெட்டுவதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். இட்லிப்பூ கிளையின் நுனியில் பூப்பது. மாதாமாதம் கத்தரியால் பெட்டிபோல வெட்டினால் வரப்போகும் கொத்தைத்தான் வெட்டுகிறீர்கள். கொத்து வாடியதும் அதற்குக் கீழே முதல் அல்லது இரண்டாம் இலை ஜோடிக்கு மேல் வெட்டுங்கள். அங்கிருந்து இரண்டு கிளை வரும், இரண்டும் பூக்கும். நந்தியாவட்டையை மழைக்காலம் முடிந்து தை, மாசியில் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். வெட்டிய இடத்தில் பால் வடியும், கையுறை அவசியம். நாற்றங்காலில் பூ இல்லாத செடியை அடையாளம் காணவும் இந்தப் பால் உதவும்: இலையைக் கிள்ளினால் பால் வந்தால் நந்தியாவட்டை, வராவிட்டால் இட்லிப்பூ.

அந்தப் பாலையோ பூச்சாற்றையோ கண்ணில் விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாட்டி வைத்தியத்தைக் குறை சொல்வதாகச் சிலர் கோபப்படலாம், பரவாயில்லை, கண் விஷயம் இது. நந்தியாவட்டையின் காயும் விதையும் நச்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வெடிக்கும் முன்பே காயைக் கிள்ளிவிடுங்கள். இட்லிப்பூவில் அந்தப் பயம் இல்லை.

பூச்சியில் இரண்டுக்கும் பொது எதிரி மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும். இலையில் கரி பூசியதுபோல் இருந்தால் அவற்றின் தேன்கழிவில் வளர்ந்த பூசணம் அது. 1 லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் திரவ சோப்பு, இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் தெளியுங்கள். எறும்பையும் கட்டுப்படுத்தாவிட்டால் திரும்ப வரும். இந்தக் கலவையோடு அன்னபேதியைச் சேர்க்காதீர்கள், சோப்பு திரிந்துவிடும். நந்தியாவட்டையில் மட்டும், இலை திடீரென்று மொட்டையாகி, கீழே மிளகுபோல் கறுப்பு எச்சம் கிடந்தால், விரல் தடிமனில் பச்சைப் புழுவைத் தேடுங்கள். தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்போலப் பொட்டு இருக்கும். கொட்டாது, கையால் எடுத்துவிடலாம், மருந்தே வேண்டாம்.

எப்போதும் பச்சை என்றால் இலையே உதிராது என்றில்லை. அடி இலை நாலைந்து பழுத்து விழுந்தால் பயப்பட வேண்டாம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். சுவருக்கு வெளியே நீட்டும் கிளையை விடியற்காலையில் கொக்கி வைத்து இழுத்துப் பூப்பறிப்பவர்கள் பூவை மட்டும் பறிப்பதில்லை, மொட்டுக் கொத்தோடு கிளை நுனியையே ஒடித்துப் போகிறார்கள். சாமிக்குத்தானே என்கிறார்கள். நட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் யார் மறுப்பார்கள்? ஒடிந்து தொங்கும் கிளையைக் கண்டால் அப்படியே விடாமல், கீழே நல்ல கணுவுக்கு மேல் சாய்வாக வெட்டிவிடுங்கள். கிழிந்த பட்டை வழியாகத்தான் அழுகல் இறங்கும்.