திருத்துகிறார்கள், என்ன செய்ய?

வணக்கம் சார்,

உங்கள் பிரான்ஸ் கட்டுரைகளைக் கல்லூரி நாட்களிலிருந்தே வாசிக்கிறேன். போன அக்டோபரிலிருந்து நானும் இங்கே ஆங்கில உதவி ஆசிரியையாக இருக்கிறேன். க்ரூஸ் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு லிசே (மேல்நிலை), ஒரு கோலேஜ் (நடுநிலை) என்று இரண்டு பள்ளிகள். வாரத்துக்கு 12 மணி நேரம்தான் வேலை, மீதிப் பொழுதெல்லாம் அறைதான். ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஒரு ஈ காக்கா கிடையாது.

முதல் நாளே ஒரு பையன், "நீங்கள் இங்கிலாந்தா, அமெரிக்காவா?" என்று கேட்டான். இந்தியா என்றதும் அவன் முகம் தொங்கிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். டிசம்பரில் ஒரு ஆசிரியை, வகுப்பு நடக்கும்போதே என்னை நிறுத்தி, நான் சொன்ன 'வெஜிடபிள்' என்ற வார்த்தையைத் திருத்திச் சொல்லிக் காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவள் சார். இப்போது வாயைத் திறக்கவே கூசுகிறது.

பிப்ரவரி விடுமுறையோடு ஊருக்கு வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

கோபித்துக்கொள்ளாதீர்கள், 'வெஜிடபிள்' விஷயத்தில் அந்த ஆசிரியை சொன்னதுதான் சரி. நம் ஊரில் அந்த வார்த்தையின் கடைசியில் ஒரு டேபிளைத் தூக்கிப் போட்டுவிடுவோம். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ஆனால் அவர் திருத்திய இடம் தப்பு. பிள்ளைகள் முன்னால் செய்திருக்கக் கூடாது. இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாகக் கட்டிச் சுமக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

நானும் உங்களைப் போல உதவி ஆசிரியராகப் போனவன்தான், 2011இல், உங்கள் ஊருக்குத் தெற்கே, கான்டால் மாவட்டத்து ஒரியாக் நகரத்துக்கு. எழுபத்தெட்டு வயது அம்மையார் ஒருவரின் வீட்டில் மாடி அறை. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். வங்கிக் கணக்கு திறக்க வீட்டு முகவரிச் சான்று கேட்கிறார்கள், வீடு எடுக்கப் போனால் வங்கிக் கணக்கு கேட்கிறார்கள், இது பெரிய பிரச்சினை என்று சொல்ல வந்தேன். பிரெஞ்சில் 'பிரச்சினை' என்ற சொல் ஆண்பால். நான் பெண்பாலாக்கிவிட்டேன். அம்மையார் சூப்புக் கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல் சரியான பாலைச் சொல்லிவிட்டு அடுத்த வாய் குடித்தார். என் பிரச்சினைக்குப் பதில் வரவில்லை.

அப்புறம் தினமும் இதே கதைதான். நவம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் எண்ணினேன், பதினொரு திருத்தம். முதல் சம்பளமும் அப்போது வந்து சேரவில்லை. வெளியே ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும். நானும் ஊருக்கு டிக்கெட் விலை பார்த்தவன்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவரோடு சந்தைக்குப் போனேன். சீஸ் கடைக்காரர் ஏதோ ஒரு வினையைத் தப்பாகச் சொன்னார் போல. அம்மையார் திருத்தினார். அவர் சிரித்துக்கொண்டே, இல்லை அம்மா, அப்படியும் சொல்லலாம் என்று வாதாடினார். வரிசையில் நின்ற இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். எனக்கு அரைக் கிலோ சீஸ் கிடைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்கு வந்தால், வானொலியில் செய்தி வாசிப்பவரையும் விடவில்லை. அன்றைக்குத்தான் இது என் ஒருவன் மேல் விழுவதில்லை என்று உறைத்தது. இருபதுக்குப் பதினாலு வாங்கினால் நல்ல மார்க், இருபதுக்கு இருபது கடவுளுக்கு என்று வளர்ந்த சனம். அவர்கள் 'மோசமில்லை' என்று சொன்னால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் தப்பைப் பார்த்தும் பேசாமலிருப்பது மரியாதை. அங்கே பேசாமலிருந்தால் உங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று பொருள்.

அந்த அம்மையாரின் அப்பா கதையையும் சொல்ல வேண்டும். கான்டால் பக்கத்து மலைக் கிராமங்களில் பிழைப்பில்லாமல் பாரிஸுக்குப் போனவர்கள் ஏராளம். கரி, விறகு விற்பார்கள், அதே கடையில் ஒரு ஓரமாக ஒயினும் ஊற்றிக் கொடுப்பார்கள். 'பூஞா' என்று அவர்களுக்குப் பெயர். இவருடைய அப்பாவும் ஒரு பூஞா. ஸகரத்தை ஷகரமாகச் சொல்கிறார்கள் என்று பாரிஸ்காரர்கள் இவர்களைப் பேசிக் காட்டிக் கேலி செய்வார்களாம். புரியாத உளறலுக்கு இன்று பிரெஞ்சில் 'ஷராபியா' என்பார்கள், கேட்டிருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் அது கான்டால் இருக்கிற இந்த ஓவேர்ன் பகுதி மலைக்காரர்களின் பேச்சுக்கு வைத்த பெயர். "பள்ளிக்கூடத்தில் என்னையும் அப்படிக் கூப்பிட்டார்கள், அதனால் அவர்களைவிட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டேன்" என்றார் அம்மையார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நடுவில் என் ஒரு வினைச்சொல்லைத் திருத்தினார்.

சரி, உங்கள் ஆசிரியை. வகுப்பில் வேண்டாம், ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் வேண்டாம். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் பிடியுங்கள், அங்கே ஆசிரியர்கள் எல்லாரும் பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். "திருத்தியதற்கு நன்றி, இனிமேல் வகுப்பு முடிந்ததும் சொல்லுங்கள், பிள்ளைகள் முன்னால் எனக்குச் சிரமமாக இருக்கிறது." இவ்வளவுதான். சுற்றி வளைக்க வேண்டாம், கண்ணீர் வேண்டாம். ஒன்று கேட்கிறேன், அவரிடம் இன்னும் 'நீங்கள்' போட்டுத்தான் பேசுகிறீர்களா? பெரியவர்களை நீ என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. எனக்கு ஜனவரி வரை வரவில்லை. ஆனால் அங்கே ஆசிரியர்கள் தங்களுக்குள் 'நீ' தான். நீங்கள் விடாமல் 'நீங்கள்' என்றால் தள்ளி நிற்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இங்கிலாந்தா அமெரிக்காவா என்ற பையன் விஷயம் இன்னும் எளிது. அவர்களுக்கு ஹகரம் வராது. பசிக்கிறது என்று சொல்ல வந்து, 'ஐ ஆம் வெரி ஆங்ரி' என்று சாந்தமான முகத்தோடு சொல்வார்கள். நம் ஆங்கிலம் ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி உட்காரவைத்துப் பேசுகிற ஆங்கிலம், அதனால் லண்டன்காரர் பேசுவதைவிட நாம் பேசுவது அந்தப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். என் வகுப்பில் அது நடந்தது.

காந்தி, தாஜ்மகால், கறி என்று பாடம் எடுக்கச் சொல்வார்கள். ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. நான் நம் ஆங்கிலப் பத்திரிகையின் கல்யாண விளம்பரங்களைப் பிரின்ட் போட்டுக் கொண்டுபோனேன். உயரம், சம்பளம், கோதுமை நிறம், சைவம், ஒரே தங்கை திருமணமானவள். கடைசி வகுப்புப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை. (அங்கே வகுப்பு எண் இறங்கிக்கொண்டே வரும், ஆறாவதில் சேர்ந்து முதலாவதுக்கு வந்து, அதற்கப்புறம் கடைசி வகுப்பு. எனக்கு இது பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று.) தங்கள் தலைமை ஆசிரியருக்கு அதே நடையில் ஒரு விளம்பரம் எழுதினார்கள், அதை இங்கே போட முடியாது. பாண்டிச்சேரியில் படித்தேன், 1954 வரை உங்கள் ஆட்சி அங்கே நடந்தது என்றேன் ஒரு நாள். ஒரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த மணி நேரமும் நன்றாகப் போனது.

மீதி நேரத்துக்கு ஏதாவது ஒரு கிளப்பில் போய்ப் பெயர் கொடுங்கள். நான் பாட்மின்டன் கிளப்பில் சேர்ந்தேன், படு மோசமாக ஆடுவேன், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறையில் சமைத்துத் தனியாகச் சாப்பிடாமல் பள்ளிக் கேன்டீனுக்குப் போங்கள். நீங்கள் சைவம் என்றால், 2018இல் வந்த சட்டப்படி பள்ளிக் கேன்டீன்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது சைவச் சாப்பாடு உண்டு, மற்ற நாளில், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால், அதைக் கேட்டுப் பாருங்கள். 27 வயது வரைக்கும் ரயில் சலுகை அட்டை ஒன்று 49 யூரோவுக்குத் தருகிறார்கள், டிக்கெட்டில் 30 சதவீதம் குறையும். ஒரு தடவை பாரிஸ் லா ஷப்பேல் போய், ஈழத்தவர் கடையில் தோசை சாப்பிட்டு, கறிவேப்பிலை வாங்கி வாருங்கள். ஒரு தடவை போதும். வாராவாரம் போனால் உங்கள் ஊர் உங்களுக்கு ரயில் நிலையமாகவே நின்றுவிடும்.

திரும்பலாமா என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். ஒப்பந்தம் ஏப்ரல் 30 வரை. பிப்ரவரி விடுமுறைக்கு அப்புறம், வசந்த விடுமுறை இரண்டு வாரத்தையும் கழித்தால், எட்டு வாரத்தைத் தாண்டாது. வாரம் 12 மணி என்றால் நூறு மணி நேரம் கூட இல்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் அது வேறு. அப்போது முதலில் டாக்டரைப் பாருங்கள், அம்மாவிடமும் சொல்லுங்கள். என்னிடம் சொன்னது போதாது.

கடைசியாக ஒன்று. நீங்கள் இருக்கும் க்ரூஸ் கொத்தனார்களின் மாவட்டம். 19ஆம் நூற்றாண்டில் வசந்தம் வந்தால் அந்தக் கிராமத்து ஆண்கள் பாரிஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். ரயில் வருவதற்கு முன் நடந்தே போனார்கள். குளிர்காலத்தில்தான் வீடு திரும்புவார்கள். இன்று நாம் படம் பிடிக்கிற பாரிஸ் கட்டடங்களில் பல அவர்கள் கட்டியவை. விடுமுறை முடிந்ததும் அந்த இங்கிலாந்தா அமெரிக்காவா பையனிடம், உன் வீட்டில் அப்படி யாராவது போனார்களா, வீட்டில் விசாரித்து வந்து ஆங்கிலத்தில் சொல் என்று கேளுங்கள். 'மேசன்' என்ற வார்த்தையை அவன் 'மாஸோன்' என்றுதான் சொல்வான். திருத்துங்கள்.