அச்செழுத்தின் உயரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பதினோரு ஆண்டுகளாகப் புத்தக அட்டைகள் வடிவமைத்து வருகிறேன். சென்ற இரண்டு மாதங்களாக வேலை குறைவு. மென்பொருளின் மாதச் சந்தாவைக் கட்ட முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அட்டை இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. பின்னட்டையில் 220 என்ற விலையை 280 ஆக்க வேண்டும், தாள் மாறியதால் முதுகின் அகலத்தை இரண்டு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். பத்து நிமிட வேலை. கோப்பு என் கணினியிலேயே இருக்கிறது, ஆனால் என்னால் திறக்க முடியவில்லை. கணினி பழுதாகிவிட்டது என்று பொய் சொன்னேன். பூட்டுடைத்த பிரதியைப் போட்டுக்கொள், இவ்வளவு பெரிய நிறுவனத்திடம் திருடுவதில் பாவமில்லை என்கிறார்கள் நண்பர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சந்தா முறை கலைஞனைச் சுரண்டுவதுதானே? ஒரே தடவை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழைய முறை திரும்பி வருமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் என்னுடைய முதல் சிறுகதைத் தொகுப்பின் மறுபதிப்பு இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பக்கம் கோத்த கோப்பு இன்று எந்தக் கணினியிலும் திறக்கவில்லை என்பதால் முழு நூலையும் புதிதாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். அதில் ஒரு கதையின் நான்கு வரிப் பத்தி விடுபட்டுவிட்டது. அந்த நான்கு வரிகளில்தான் அந்தப் பெண் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். இப்போது அவள் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருக்கிறாள், அடுத்த வரியில் ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்திருக்கிறாள். இரண்டு வாரங்களாக நான் வேதனையோடு எதை நினைத்துக்கொண்டிருந்தேனோ அதையே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. கணினி பழுது என்று நீங்கள் சொன்ன பொய் என்னை மிகவும் வருத்தியது. கையில் பணமில்லாத மாதம் எல்லாக் கலைஞர்களுக்கும் வரும். அதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பதிப்பகத்தாரை அழைத்து உண்மையைச் சொல்லுங்கள்; ஒரு மாதச் சந்தாவுக்கான தொகையை முன்பணமாகக் கேளுங்கள். உங்கள் உழைப்பு வேண்டும் என்பவர்கள் அதைத் தரக் கடமைப்பட்டவர்கள்.

பழைய முறை திரும்புமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை திரும்பாது. நீங்கள் எந்த மென்பொருள் என்று எழுதவில்லை, எதுவானாலும் கதை ஏறத்தாழ ஒன்றுதான். ஃபோட்டோஷாப் முதலிய வடிவமைப்பு மென்பொருள்களைச் செய்யும் அடோபி நிறுவனம் 2013 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடத்திய மாநாட்டில், கிரியேட்டிவ் சூட் (சிஎஸ்) என்ற தன் மென்பொருள் தொகுப்புக்கு இனிப் புதிய பதிப்பு கிடையாது, எல்லாம் சந்தா வழியாகவே என்று அறிவித்தது. முந்தைய ஆண்டு வந்த சிஎஸ்6தான் விலைக்கு வாங்கக் கிடைத்த கடைசிப் பதிப்பு. ஃபோட்டோஷாப் மட்டும் அன்று 699 டாலர். சந்தாவிலோ மொத்தத் தொகுப்புக்கும் மாதம் 49.99 டாலர். பல்லாயிரம் வடிவமைப்பாளர்களும் புகைப்படக்காரர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். சில மாதங்களில் புகைப்படக்காரர்களுக்கென்று 9.99 டாலரில் ஒரு திட்டம் வந்ததே தவிர, முடிவு மாறவில்லை. 2016இல், கட்டட வரைபட மென்பொருள் செய்யும் ஆட்டோடெஸ்க்கும் அதே வழியில் போனது. இவர்கள் மனம் மாறுவார்கள் என்று காத்திருப்பது வீண்.

சுரண்டல் என்கிறீர்கள். இங்கேதான் நான் உங்களிடமிருந்து விலகுகிறேன். வாடகை என்பதாலேயே ஒன்று சுரண்டலாகிவிடாது. 699 டாலரை ஒரே தடவையில் புரட்ட முடியாத ஓர் இளைஞனுக்கு மாதத்துக்குப் பத்து டாலர் என்பது அன்று ஒரு கதவு திறந்ததுபோலத்தான் இருந்தது. வாடகைக்கு எடுத்த இயந்திரத்தில் தொழில் செய்து ஒரு குடும்பத்தையே காப்பாற்றிய மனிதரின் வீட்டில் வளர்ந்தவன் நான்.

என் பெரியப்பா கும்பகோணத்தில் ஒரு சிறிய அச்சகம் வைத்திருந்தார். அச்சகத்திலிருந்த ஒரே டிரெடில் இயந்திரம் அவருடையதல்ல. தஞ்சாவூர்க்காரர் ஒருவரிடமிருந்து மாத வாடகைக்கு எடுத்தது. எழுத்துகளும் எழுத்துப்பெட்டிகளும் மட்டுமே அவருடைய சொத்து. நான் ஏழாம் வகுப்பு படித்த ஆண்டு மூன்று மாத வாடகை நின்றுபோய், மாசிமகத்துக்கு எட்டு நாள் இருக்கையில் தஞ்சாவூரிலிருந்து ஆட்கள் வந்து இயந்திரத்தைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று காலையில்தான் கோயில் உற்சவ நோட்டீஸ் முழுவதையும் கோத்து, புரூப் திருத்தி, இரும்புச் சட்டத்தில் வைத்து முடுக்கி முடித்திருந்தார்கள். இயந்திரம் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை படிந்த நான்கு பள்ளங்கள் மட்டும் இருந்தன. பெரியப்பா சற்று நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முடுக்கிய பாரத்தை, அதாவது எழுத்துகளோடு சேர்ந்த அந்தச் சட்டத்தை, ஒரு பலகையின் மேல் வைத்து, அச்சுக்கோப்பவர் ஒருபுறமும் அவர் ஒருபுறமுமாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த இன்னோர் அச்சகத்துக்கு நடந்தார்கள். நான் அரிக்கேன் விளக்குடன் முன்னால் போனேன். ஓர் எழுத்துகூட உதிரவில்லை. இரவு பதினொரு மணிக்குள் இரண்டாயிரம் நோட்டீஸும் அடித்து முடிந்தன.

அது எப்படி முடிந்தது என்பதை வெகுகாலம் கழித்தே புரிந்துகொண்டேன். ஆங்கில முறையில் வார்க்கப்பட்ட அச்செழுத்தின் உயரம், அடியிலிருந்து முகம்வரை, 0.918 அங்குலம். எந்த வார்ப்பகத்தில் வார்த்தாலும் அதே உயரம், எந்த இயந்திரத்தில் ஏற்றினாலும் அதே உயரம். ஒரு வார்ப்பகம் தன் எழுத்துகளைத் தன் இயந்திரத்தில் மட்டுமே பொருந்தும் உயரத்தில் வார்த்து விற்றிருந்தால் அன்றிரவு என் பெரியப்பா தன் கையால் கோத்த பாரத்தைத் தானே பார்த்து அழ வேண்டியிருந்திருக்கும். இயந்திரத்துக்காரருக்கு இயந்திரத்தைக் கொண்டுபோக உரிமை இருந்தது. கோத்த வேலையைக் கொண்டுபோக இல்லை.

உங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது உங்கள் வேலையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கோப்பு உங்கள் கணினியில் இருக்கிறது என்கிறீர்கள். அது இன்னொருவருடைய இயந்திரத்தின் உயரத்துக்கு வார்க்கப்பட்டிருக்கிறது, ச. அதன் உள்ளமைப்பை அந்த மென்பொருள் ஒன்றே முழுதாக அறியும். மாதக் கட்டணம் எவ்வளவு என்பதைப் பற்றியே 2013 முதல் உலகமெங்கும் சண்டையிடுகிறோம். அந்தக் கட்டணத்தைக் கொண்டு நாம் வாடகைக்கு எடுப்பது நம்முடைய பழைய வேலையையே என்பதை மிகச் சிலரே பேசினார்கள்.

கட்டணத்தைத் தவறாமல் செலுத்துகிறவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2019 அக்டோபரில், அமெரிக்க அரசாணை ஒன்றைக் காரணம் காட்டி, வெனிசுவேலாவில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. அந்த மாதமே அரசிடம் உரிமம் பெற்று முடிவை மாற்றிக்கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் காரகாஸில் இருந்த ஒரு வடிவமைப்பாளன் அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். 2022 நவம்பரில் பான்டோன் நிறுவனத்தின் அச்சு வண்ணத் தொகுப்புகள் பல ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் முதலியவற்றிலிருந்து நீங்கின. தனியாகச் சந்தா செலுத்தாதவர்களின் பழைய கோப்புகளில் அந்த நிறங்கள் இருந்த இடமெல்லாம் கருப்பானது. அட்டைக்கு ஒரு சிவப்பைத் தேர்ந்தெடுக்க நீங்கள் எத்தனை மாதிரி அச்சடித்துப் பார்த்திருப்பீர்கள்! அந்தச் சிவப்பு உங்கள் கோப்புக்குள் இல்லை, வேறு எங்கோ இருந்தது.

இனி பூட்டுடைத்த பிரதி. இதைக் கடுமையாகவே சொல்கிறேன். பாவமா புண்ணியமா என்பதை உங்கள் மனசாட்சியிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் அது அந்த நிறுவனத்துக்கு எதிரான செயல் என்று நீங்கள் நம்புவது பெரும் மடமை. சென்னை ரிச்சி தெருவில் ஐம்பது ரூபாய்க்குத் திருட்டுக் குறுந்தகடு வாங்கித் தொழில் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறையே நம்மிடம் உண்டு. அவர்கள் கற்றது எதை? அந்த ஒரே மென்பொருளை. கணினி மையங்கள் அதையே கற்பித்தன, அச்சகங்கள் அதன் கோப்பையே கேட்டன, இப்போது அதுவன்றி வேறொன்றில் வேலை செய்து கொடுத்தால் வாங்க ஆளில்லை. ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப் போன்ற, யாரும் விலையின்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் கண்முன்னே இருந்தும், நாம் அவற்றுக்கு ஒரு ரூபாய் நன்கொடையோ ஒரு பிழை அறிக்கையோ அளிக்கவில்லை. ஸ்கிரைபஸ் தமிழ் போன்ற மொழிகளின் எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தொடங்கியதே 1.5 வரிசையில்தான், கொம்பும் காலும் இடம்மாறிக் கிடந்த அத்தனை ஆண்டுகளும் நாம் திருட்டுப் பிரதியில் வசதியாக இருந்தோம். தமிழ் எழுத்துருக்களை வரைந்தவர்களுக்கும் இதையே செய்தோம். ஓர் எழுத்துருவை வரைய ஒருவர் மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார், நாம் அதை ஒரு பென்டிரைவில் ஊர் முழுக்கப் பரப்புகிறோம். அட்டை வரைந்து வாழும் நீங்களே இதை எழுதலாமா? உங்கள் அட்டையை ஒருவர் கேட்காமல் எடுத்துத் தன் புத்தகத்துக்குப் போட்டுக்கொண்டால் எனக்கு எப்படிப்பட்ட கடிதம் எழுதுவீர்கள்?

இன்னொரு கோபமும் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூட உங்கள் வேலையை வேறு வடிவத்தில் சேமிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? பக்கம் கோக்கும் மென்பொருளான பேஜ்மேக்கருக்கு என்ன ஆனது என்பதை நம் பதிப்புலகம் கண்ணெதிரே பார்த்தது. 1985இல் ஆல்டஸ் வெளியிட்டது, 1994இல் அடோபிக்குப் போனது, 2001இல் வந்த 7.0உடன் முடிந்தது. எல்லா மொழிக்கும் பொதுவான குறியேற்றமாகிய யூனிகோடை அறியாத அந்த மென்பொருளில், ஆளுக்கொரு குறியேற்றத்தில் அமைந்த எழுத்துருக்களைக் கொண்டு, தமிழின் எத்தனை ஆயிரம் நூல்களைக் கோத்தோம்! அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில் அந்தக் கோப்புகளைத் திறக்கும் வசதி சிஎஸ்6 வரைக்கும்தான் இருந்தது. கோத்தவர் காலமானபின் அவர் வீட்டுப் பரணில் கிடக்கும் குறுந்தகடுகளை எந்தப் பதிப்பகமும் தேடிப் போனதில்லை. என் நான்கு வரிகள் அப்படித்தான் போயின. அதற்குப் பதிப்பகம் மட்டும் பொறுப்பல்ல. கோப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாத நானும் பொறுப்பு.

ஆகவே இதைச் செய்யுங்கள். ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டுங்கள். மாதந்தோறும் தவணையாகக் கட்டும் ஆண்டுத் திட்டம் வேறு, தனி மாதத் திட்டம் வேறு. படிக்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். ஆண்டுத் திட்டத்தை இடையில் நிறுத்தினால் விதிக்கும் கட்டணத்தை மறைத்ததாகக் குற்றம் சாட்டித்தான் 2024 ஜூனில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் பரிந்துரையின்பேரில் அமெரிக்க அரசு அடோபிமீது வழக்குத் தொடுத்தது. அந்த ஒரு மாதத்தில் பதினோரு ஆண்டு வேலையையும் ஒவ்வொன்றாகத் திறங்கள். இன்டிசைன் கோப்பென்றால் ஐடிஎம்எல் வடிவத்தில் ஒரு பிரதி. ஸ்கிரைபஸ் உட்பட வேறு சில மென்பொருள்கள் அதைத் திறக்கும். கோட்டோவியமென்றால் எஸ்விஜி என்ற திறந்த வடிவத்தில். எல்லாவற்றுக்கும் அச்சுத்தரத்தில் ஒரு பிடிஎஃப். படங்கள் தனியே, யூனிகோடில் எழுத்து தனியே, எந்த எழுத்துரு எந்த அளவு என்ற குறிப்பு தனியே. அடுக்குகள் சில கலையும், நிழல்கள் சில மாறும். அதனால் பாதகமில்லை, வேலை உங்கள் கைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம்.

ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் அவர்களுடைய அட்டையின் திறந்த வடிவப் பிரதியை அனுப்பிவிடுங்கள். கோப்பைக் கொடுத்தால் அடுத்த பதிப்பு வேலை போய்விடும் என்று உங்கள் தொழிலில் ஓர் அச்சம் உண்டு, எனக்குத் தெரியும். அதற்கான ஊதியத்தை முதலிலேயே சேர்த்துக் கேளுங்கள், ஆனால் கோப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு வேலையைப் பிடித்துவைக்காதீர்கள்.

220ஐ 280 ஆக்கும் வேலையை முதலில் முடியுங்கள். புத்தகம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அட்டையைப் பார்க்க வேண்டும்.