பக்கவாதம் வந்து ஒரு வருடம் தாண்டியும் கை தேறுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. மூளை ரத்தக்குழாய் அடைப்பால் பக்கவாதம் வந்து 14 மாதங்கள் ஆகின்றன. நடக்கிறார். வலது கையைத் தூக்குகிறார். விரல்களை முழுசாக விரிக்க முடியவில்லை. ஸ்டெம் செல் ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஸ்டெம் செல்கள் அடங்கிய எலும்பு மஜ்ஜை செல்களை ரத்தநாளம் வழியாகச் செலுத்திப் பார்த்த, 120 பேர் கொண்ட ஆய்வு 2014-ல் வெளியானது. பக்கவாதம் வந்த சில வாரங்களிலேயே செலுத்தியும், ஆறு மாதம் கழித்து மற்றவர்களைவிடக் கூடுதல் முன்னேற்றம் இல்லை. ஆய்வுக்கு வெளியே இதற்காகப் பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

புதியவற்றில், நாள்பட்ட கை பலவீனத்துக்கு ஓரளவு நல்ல சான்று இருப்பது வேகஸ் நரம்புத் தூண்டலுக்கு. மூளையிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சு, வயிறு வரை போகும் நரம்பு அது. நெஞ்சின் மேற்பகுதியில் தோலுக்கடியில் ஒரு சிறு கருவி; அதிலிருந்து ஒரு கம்பி கழுத்தின் இடப்பக்க வேகஸ் நரம்புக்குப் போகும். நோயாளி கையை அசைக்கும் அதே நேரத்தில் தெரபிஸ்ட் பொத்தானை அழுத்துவார். அரை விநாடி மின்துடிப்பு. அப்போது மூளையில் சுரக்கும் வேதிப்பொருட்கள், அந்த அசைவுக்கான நரம்பிணைப்புகளை வலுப்படுத்துவதாகக் கருதப்படுகிறது. அசைவும் துடிப்பும் சேர்ந்து வராவிட்டால் பயனில்லை. சும்மா உட்கார்ந்து மின்சாரம் வாங்கும் வைத்தியம் அல்ல இது. 2021-ல் வெளியான ஆய்வில் 108 பேர், பக்கவாதம் வந்து 9 மாதம் முதல் 10 வருடம் வரை ஆனவர்கள். வாரம் 3 முறை, 6 வாரப் பயிற்சி. பிறகு வீட்டிலும் பயிற்சி. மூன்று மாதம் கழித்து, தூண்டல் பெற்றவர்களில் 47% பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். கருவி பொருத்தியும் தூண்டல் தராதவர்களில் 24%. அமெரிக்கா அதே ஆண்டு அனுமதித்தது. குரல் கரகரப்பு, இருமல் வரலாம்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். மேசை விளிம்பில் மணிக்கட்டு தொங்கட்டும். சுமார் 20 டிகிரி மேலே தூக்கி, விரல்களையும் 10 டிகிரி விரிக்க முடிந்தால், நல்ல கையைக் கட்டிவைத்துச் செய்யும் பயிற்சி அவருக்குப் பொருந்தலாம். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90% நல்ல இடக்கையில் கையுறை. பலர் உறையை மட்டும் மாட்டிவிட்டுப் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். டம்ளர் எடுப்பது, பொத்தான் போடுவது என்று தினமும் பல மணி நேரம் வலக்கை உழைத்தால்தான் பலன். படியேறும்போதும் வெந்நீர் அருகிலும் உறையைக் கழற்றிவிடுங்கள்.

விரல் விரியாததற்குத் தசை இறுக்கம் காரணமென்றால் போட்டுலினம் ஊசி அதைச் சுமார் மூன்று மாதம் தளர்த்தும். பலத்தைத் தராது, அந்த மூன்று மாதத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும்.

மனச்சோர்வுக்கான ஃப்ளுயாக்ஸிடின் மாத்திரை கைகால் அசைவைத் தேற்றும் என்று 2011-ல் எழுந்த நம்பிக்கை, பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் பொய்த்தது. எலும்பு முறிவும் கூடியது. மனச்சோர்வுக்காக ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் மட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.