தூரத்தை எங்கே சேர்ப்பது? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஃபேக்டோரியோ என்ற கணினி விளையாட்டுக்கு ஒரு சின்ன மாட் (ஆட்டத்தை மாற்றும் துணைநிரல்) எழுதுகிறேன். ஆட்டம் தொடங்கும் இடத்தருகே ஏரிகள் சிறிதாகவும், தள்ளிப் போகப் போகப் பெரிதாகவும் வர வேண்டும். அதற்காக, நில உயரத்தைத் தரும் எலிவேஷன் நாய்ஸில் (இடத்துக்கு இடம் சீராக ஏறி இறங்கும் தற்செயல் எண்கள்) எக்ஸ், ஒய் இரண்டையும், தொடக்க இடத்திலிருந்து உள்ள தூரத்தைத் தரும் டிஸ்டன்ஸ் வேரியபிளால் வகுத்தேன். ஏரிகளைக் காணோம், மையத்திலிருந்து நாலாபக்கமும் நீண்ட நீர்ப்பட்டைகள்தான் வருகின்றன. வேரியபிளை இப்படிப் பயன்படுத்தக் கூடாதா?

அன்புடன்,
ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். (100, 0) என்ற கட்டத்தின் தூரம் 100. வகுத்தால் (1, 0). (1000, 0)-க்கும் அதே (1, 0). ஒரே திசையில் உள்ள எல்லாக் கட்டங்களும் நாய்ஸில் ஒரே புள்ளியைத்தான் பார்க்கின்றன. அதனால்தான் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி பட்டைகள்.

சரி, தூரத்தை 1000-ஆல் வகுத்து, 1 கூட்டி, அதனால் எக்ஸ், ஒய்யை வகுத்தால்? பட்டை போய்விடும், கோணல் போகாது. 1000 கட்டம் தள்ளி ஓர் ஏரி குறுக்கே 2 மடங்கு பெருக்கும்போது வெளிநோக்கி 4 மடங்கு நீண்டுவிடும். வகுக்கும் எண்ணே கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறதே! எக்ஸ், ஒய்யை அப்படியே விட்டுவிட்டு, வருகிற விடையில் தூரத்தைச் சேருங்கள்.

சிறு ஏரிக்கு ஒரு நாய்ஸ், பெரிய ஏரிக்கு ஒரு நாய்ஸ். இரண்டின் ஸ்கேலும் (மேடுபள்ளங்கள் எவ்வளவு அகலம் என்பது) மாறாத எண்கள். சீட் (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) மட்டும் வேறு வேறாக இருக்கட்டும். அப்புறம் ‘எடை’ என்று ஒரு லோக்கல் எக்ஸ்பிரஷன் (பெயர் வைத்த துணைச் சூத்திரம்): தூரத்தை 1000-ஆல் வகுத்து, 0-க்கும் 1-க்கும் இடையே கிளாம்ப் செய்தது, அதாவது அந்த எல்லையைத் தாண்டாமல் நிறுத்தியது. அதை வைத்து இரண்டையும் லெர்ப் செய்யுங்கள்: எடை 0 என்றால் சிறு ஏரியின் நாய்ஸ், 1 என்றால் பெரிய ஏரியின் நாய்ஸ், நடுவில் இரண்டின் கலவை.

இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். எடை 0.5 ஆகும் இடத்தில் ஒன்றின் பள்ளத்தை இன்னொன்றின் மேடு நிரப்பி, ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 0.7 மடங்காகக் குறையும். எலிவேஷன் 0-க்குக் கீழே போனால்தானே தண்ணீர்? ஆகவே 500 கட்டம் தள்ளி ஒரு வறண்ட வளையம் தெரியும். எடையின் வர்க்கத்தையும், 1-லிருந்து எடையைக் கழித்து வருவதன் வர்க்கத்தையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தால் லெர்ப் விடையை வகுத்துவிடுங்கள். அடிப்படை உயரத்தை அதற்குப் பிறகு கூட்டினால் போதும்.

இந்த ‘எடை’ ஒரு சூத்திரத்தின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இடத்தின் தூரத்தை வைத்து அதன் மதிப்பு வரும். மாட் எழுதும் லூவா மொழியில் பழகியபடி அடுத்த வரியில் அதையே மாற்றி எழுத முடியாது. திருத்திய சூத்திரத்துக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்குமுன் வரைபடத்தைக் காட்டும் மேப் பிரிவியூவில் நாலைந்து சீட் மாற்றிப் பாருங்கள். அப்போதும் வளையம் தெரிந்தால் எக்ஸ்பிரஷனை முழுசாக அனுப்புங்கள், பார்க்கிறேன்.