பெயர் எழுதாத இரண்டு புள்ளிகள்

அன்பின் ஐயாவுக்கு,

முழங்காவிலில் இருந்து எழுதுகிறேன். ஆசிரியையாக வேலை செய்கிறேன். ஒல்லாந்தில் இருக்கும் சித்தப்பா போன மாதம் வந்தபோது, அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். யாழ்ப்பாணம், தீவுகள், கீழே மன்னார் வரையான கரை எல்லாம் அதில் இருக்கின்றன. தலைப்பும் ஆண்டும் இருந்திருக்க வேண்டிய மூலை வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. கரை முழுவதும் வாளின் பல் மாதிரி முறிந்து முறிந்து போகிறது. தீவுகளின் மேல் அம்ஸ்ரடாம், லெய்டன், மிடில்பேர்க், டெல்ஃப்ற் என்று எழுதியிருக்கிறது. வன்னி இருக்கவேண்டிய இடத்தில் சில மரங்களும் ஒரு யானையும். எங்கள் இரணைதீவு இருக்கும் இடத்தில் இரண்டு புள்ளிகள், பெயர் இல்லை.

அப்பப்பாவுக்குக் காட்டினேன். 1992இல் இரணைதீவை விட்டு இடம்பெயர்ந்து வந்தவர். 2018 ஏப்ரலில் வள்ளங்களில் திரும்பிப் போனவர்களில் அவரும் ஒருவர். கனநேரம் பார்த்துவிட்டு, "இதில எங்கட ஊரே இல்லையே பிள்ளை" என்று திருப்பித் தந்துவிட்டார். எனக்கு அது மனதில் நின்றுவிட்டது. இது உண்மையாகவே பழைய படம்தானா? நம் தீவுகளுக்கு ஏன் அந்தப் பெயர்கள்? வன்னி ஏன் வெறுமையாகக் கிடக்கிறது? இதை வீட்டுச் சுவரில் மாட்டலாமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். கையில் எடுத்துப் பார்க்காமல் உறுதி சொல்லக் கூடாது. ஆனால் நீங்களே பார்க்கக்கூடிய சில விஷயங்கள் உண்டு. ஒரு பூதக்கண்ணாடி போதும். கடலுக்குப் போட்டிருக்கும் நிழலைக் கண்ணாடியால் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் சிறுசிறு புள்ளிகள் தெரிந்தால் அது நம் காலத்து அச்சு. கோடுகள் மட்டும் தெரிந்து, விரலால் மெல்லத் தடவினால் மை சற்று மேலெழுந்து நின்றால் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. அப்படியான படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் ஒரு சட்டம் போல இருக்கும். ஓரம் வெட்டுப்படாத பக்கத்தில் அதைத் தேடுங்கள். பிறகு தாளை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அக்காலத்துத் தாள் கம்பித் தட்டால் கூழை அள்ளிச் செய்தது. நெருக்கமான கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் இடைவெளி கூடிய கோடுகளும் உள்ளே தெரியும். நடுவில் ஒரு மடிப்பும் இருந்தால், ஏதோ ஒரு பெரிய புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்ததாக இருக்கலாம். கடைக்காரர் பலர் புத்தகத்தைக் குலைத்துப் படங்களைத் தனித்தனியாக விற்பதுண்டு. எனக்கு அது பிடிக்காத வேலை. ஒரு புத்தகம் போய்விடுகிறது.

உங்கள் படம் எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று அந்த மூலை இல்லாமல் சொல்ல முடியாது. அதன் வம்சத்தைச் சொல்லலாம். பிலிப்புஸ் பால்டேயுஸ் என்ற ஒல்லாந்துப் பாதிரியார் 1658இல் கோட்டையைப் பிடித்த படையோடு யாழ்ப்பாணம் வந்து சில வருடங்கள் அங்கே இருந்தார். தமிழ் படித்தார். ஊர் திரும்பிய பின் 1672இல் அம்ஸ்ரடாமில் மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதிலிருந்த படங்களையும் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் படங்களையும் பார்த்துப் பார்த்துப் பிறகு பலர் செதுக்கினார்கள். செதுக்கியவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கடலைக் கண்ணாலும் கண்டதில்லை.

பெயர்களுக்கு வருவோம். காரைதீவு, அதாவது இன்றைய காரைநகர், அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க். அனலைதீவு ரொட்டர்டாம். வேலணை லெய்டன். நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவு டெல்ஃப்ற். ஊர் நினைவில் வைத்த பெயர்கள் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் விளங்கியது. 1602இல் தொடங்கிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஆறு கிளைகள் இருந்தன. அம்ஸ்ரடாம், மிடில்பேர்க், டெல்ஃப்ற், ரொட்டர்டாம், ஹோர்ன், என்ஹுய்சன். பணம் முதலிட்ட ஊர்கள் அவை. உங்கள் படத்தில் பெரும்பாலான தீவுகளின் மேல் எழுதியிருப்பது பங்காளிகளின் பெயர். நெடுந்தீவுக்கு மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அரசாங்கப் பட்டியல்களில் அந்தப் பிரதேச செயலர் பிரிவு டெல்ஃப்ற்தான். மற்றத் தீவுகளில் ஒன்றில்கூட ஒரு கிழவியும் தன் ஊரை ஹார்லெம் என்று சொன்னதில்லை. ஊர்காவற்றுறைக்கு அருகே கடலுக்குள் இருக்கும் கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ஹம்மன்ஹீல், பன்றித் தொடையின் குதி என்று பொருள். இலங்கையின் உருவம் அவர்களுக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிந்ததாம். ஒரு நாட்டைப் பார்த்து அப்படி நினைத்தவர்களின் வரைபடம் இது என்பதை மறக்காமல் பாருங்கள்.

வாள்பல் கரை பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் கொஞ்சம் உண்மை, கொஞ்சம் செதுக்கியவரின் கைப்பழக்கம். முல்லைத்தீவுப் பக்கத்துக் கிழக்குக் கரை நூல் பிடித்தது போல மணலாகப் போகும். உங்கள் பக்கம் அப்படி இல்லை. பூநகரியில் தொடங்கி நாச்சிக்குடா, விடத்தல்தீவு, மன்னார் வரை சேறும் கண்டல் காடும் சிறுகடலும் உள்ளே போய் வெளியே வந்து கிடக்கிற கரை. வள்ளத்தில் போகிறவனுக்கு அது வாள்பல் போலத்தான் தெரியும். ஆனால் அந்தப் பற்களுக்கு அடியில் நிழல் போட்டு மலைச்சரிவு மாதிரிக் காட்டியிருக்கிறாரே, அது பிழை. அங்கே பாறைச் சரிவு எங்கே இருக்கிறது? முருகைக்கல்லும் சேறும்தான்.

அவர்கள் அளந்த முறையையும் யோசித்துப் பாருங்கள். கையில் ஒரு திசையறி கருவி, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு. வடக்குத் தெற்குத் தூரத்தை வெயிலையும் நட்சத்திரத்தையும் வைத்து ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். கிழக்கு மேற்குத் தூரத்துக்குச் சரியான கடிகாரம் வேண்டும். கப்பலில் பிழைக்காமல் ஓடும் கடிகாரம் 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதனால் உங்கள் படத்தில் நீளம் ஏறத்தாழப் பொருந்தும், அகலம் பொருந்தாது. குடாநாடு கொழுத்துப்போய் இருப்பது அதனால்தான். பாக்கு விரிகுடா ஆழமில்லாத கடல். 13 மீற்றருக்கு மேல் ஆழம் காண்பது அரிது. பெரிய கப்பல் தட்டிவிடும் என்ற பயத்தில் கரைக்கு வெளியே நின்று பார்த்து வரைந்த இடங்களும் உண்டு. கடலில் இருக்கும் சின்னச் சின்ன எண்கள் ஆழத்தைக் குறிப்பவை. ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு அலகு. உங்கள் அப்பப்பா பாகம் என்று சொல்வாரே, அதே கணக்குத்தான்.

இனி அந்த வெறுமை. இதைப் பற்றித்தான் உங்களோடு கூடுதலாகக் கதைக்க விரும்புகிறேன்.

யானையை அலங்காரத்துக்குப் போட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அது சரக்கு. வன்னியிலிருந்து யானைகள் நடந்து, ஆழமில்லாத நீரில் இறங்கிக் குடாநாட்டுக்குள் ஏறிய இடம் ஆனையிறவு. அங்கிருந்து ஊர்காவற்றுறை வரை நடத்திப் போய்க் கப்பலில் ஏற்றினார்கள். போர்த்துக்கேயர் அந்தத் துறையை யானைத் துறை என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். ஊர்காவற்றுறையின் ஆங்கிலப் பெயரான கயிற்ஸ் அந்தத் துறை என்ற சொல்லில் மிஞ்சியதுதான். கோல்கொண்டாப் பக்கத்து வணிகர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து யானை வாங்கினார்கள். அந்த யானைகளைத் திறையாகக் கொடுத்தவர்கள் வன்னியர்கள், வன்னியை ஆண்ட சிற்றரசர்கள்.

ஒல்லாந்தர் கேட்டபடி அவர்கள் கொடுத்ததாக நினைக்காதீர்கள். பனங்காமம், கரிக்கட்டுமூலை, மேல்பத்து, கருநாவல்பத்து, முள்ளியவளை, தென்னமரவாடி என்று ஒல்லாந்தரின் எழுத்துகளிலேயே பிரிவுகளின் பெயர்கள் வருகின்றன. திறை பாக்கி என்ற முறைப்பாடும் கூடவே வருகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்களால் 1780களில்தான் வன்னியை நேரடியாக ஆள முடிந்தது. நூற்றிருபது வருடங்களுக்கு மேல் அவர்கள் அந்தக் காட்டின் ஓரத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஆனையிறவிலிருந்து இயக்கச்சி வரை சிறு கோட்டைகளை வரிசையாக வைத்துக் காவல் இருந்தது அதன் அடையாளம். ஆங்கிலேயர் வந்த பிறகும் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் பிடித்தான். ஆகவே உங்கள் படத்தின் வெறுமையை, அங்கே ஒன்றும் இருக்கவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். குளங்களும் வயல்களும் ஊர்களும் அங்கே இருந்தன. சங்கிலி பிடித்து அளக்கிறவன் நடக்க முடியாத நிலம் அது.

அந்தக் காட்டுக்குள் நடந்த ஒருவரின் படம் இருக்கிறது. றொபேர்ட் நொக்ஸ், 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர். 1679இல் அருவியாற்றின் கரையோடு ஒளித்து நடந்து, மன்னார்க் கரையில் உள்ள அரிப்பு என்ற ஊருக்கு வந்து தப்பினார். 1681இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் வரைபடத்தில் நம் பக்கத்தை ஒரு மனிதனின் பெயரால் குறித்திருக்கிறார். கொய்லாட் வன்னியாவின் நாடு. கயிலை வன்னியன் என்ற பெயரைத்தான் அவர் அப்படிக் கேட்டிருக்கிறார் என்று நம் பக்கத்து வரலாற்று ஆசிரியர்கள் கொள்கிறார்கள். நொக்ஸிடம் அளக்கும் கருவி இல்லை, உயிருக்குப் பயந்து ஓடினார், அவருடைய தூரங்கள் எல்லாம் பிழை. ஆனாலும் இது யாருடைய நிலம் என்று கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து உங்கள் வகுப்பில் காட்டுங்கள்.

நான் முள்ளியவளைக்காரன். சிறுவயதில் முல்லைத்தீவு தீவா என்று வாத்தியாரிடம் கேட்டு வாங்கிக் கட்டியிருக்கிறேன். தீவு இல்லைத்தான். விடத்தல்தீவும் தீவு இல்லை. ஆனால் மாரியில் நந்திக்கடல் நிரம்பி நிற்கும்போது வட்டுவாகலில் நின்று பார்த்தேன் என்றால், ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல், பெயர் வைத்தவர் அந்த நாளில்தான் அங்கே நின்றிருக்கிறார் என்று தோன்றும். 2009இன் தொடக்கத்தில் எங்களுடைய அதே கரை உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. புதுமாத்தளன் தொடக்கம் ஒரு ஒடுக்கமான பட்டி, நிறம் அடித்துப் பாதுகாப்பு வலயம் என்று எழுதியிருந்தது. அந்தப் பட்டிக்குள் நான் இருந்தேன். அதற்குப் பிறகு எந்த வரைபடத்தைப் பார்த்தாலும், வரைந்தவர் எங்கே நின்றார் என்றுதான் முதலில் தேடுகிறேன்.

உங்கள் அப்பப்பா சொன்னதற்குத் திரும்ப வருகிறேன். எங்கட ஊரே இல்லை என்று சொன்னார். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். இரணை என்றால் இரட்டை. பெரியதீவு, சின்னத்தீவு என்று இரண்டு. வரைந்தவர் இரண்டையும் கண்டிருக்கிறார், இரண்டு புள்ளி வைத்திருக்கிறார். கரைக்குப் போய் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெயர் அப்போதே கிடைத்திருக்கும். உங்கள் மக்கள் 2017 மே முதலாம் திகதி தொடங்கி ஒரு வருடம் போலக் கரையில் இருந்து போராடி, ஒருவரும் கூட்டிப்போக வராதபோது தாங்களே வள்ளம் எடுத்துப் போனார்கள். படம் பார்த்து வழி கண்டுபிடித்தவர்கள் அல்லர் அவர்கள். இருபத்தாறு வருடங்களுக்குப் பிறகும் எந்தப் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை, சுற்றிப் போகவேண்டும் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருந்தது.

ஆகவே சுவரில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். படத்தை லமினேற் மட்டும் செய்துவிட வேண்டாம், தாள் செத்துவிடும். வெயில் படாத சுவராகப் பாருங்கள். அதற்கு முன் நல்ல பெரிய போட்டோ கொப்பி ஒன்று எடுத்து, அதன் மேல் ரேசிங் பேப்பரைப் போட்டு அப்பப்பாவுக்கு முன்னால் விரியுங்கள். கரை பிழையாக இருக்கிறது என்பார். விடுங்கள், அவரையே பென்சிலால் திருத்தச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சங்கு குளித்த இடம் எது, கடலட்டை பிடித்த இடம் எது, ஒவ்வொரு பாருக்கும் என்ன பெயர், அந்தப் பெயர் யார் வைத்தது. வாடைக் காற்றுக்கு வள்ளத்தை எந்தப் பக்கம் இழுத்து வைப்பார்கள், சோளகக் காற்றுக்கு எந்தப் பக்கம். நல்ல தண்ணீர்க் கிணறுகள் எங்கே. இரவில் கரை பிடிக்க எதைக் குறி வைத்தார்கள். கோயில் கூம்பா, ஒரு பனைக் கூட்டமா? ஒரே நாளில் முடிக்க வேண்டாம். பெண்கள் போன இடங்கள் வேறு, அதை அப்பம்மாவிடமோ அவர் வயது மாமிமாரிடமோ தனியாகக் கேளுங்கள். ஆண்கள் கடலைச் சொல்வார்கள், கரையைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஒல்லாந்துக் கம்பனியின் வரைபடங்கள் பல ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்தில் ஏற்றியும் இருக்கிறார்கள். சித்தப்பாவிடம் சொன்னால் நேரிலேயே போய்ப் பார்க்கலாம். உங்கள் படத்தின் அண்ணன் தம்பி யாராவது அங்கே கிடைக்கக்கூடும். நம் நில அளவைத் திணைக்களத்தின் ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய படங்களையும் தேடுங்கள். ஊர்ப் பெயர்களும் குளங்களும் அவற்றில் நிறைய உண்டு.

ரேசிங் பேப்பரின் படத்தை எனக்கு அனுப்புவீர்களா? பெரியதீவுக்கும் சின்னத்தீவுக்கும் நடுவில் எத்தனை பாகம் தண்ணீர் என்று அப்பப்பாவிடம் கேட்டு, அந்த எண்ணை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.