கலப்பு வாத்தில் இரண்டாம் தலைமுறை ஏன் சொதப்புகிறது?

நாட்டுப் பெட்டை, காக்கி கேம்பல் (அதிகம் முட்டையிடும் வாத்து இனம்) ஆண் கலப்பில் பிறந்தவை நன்றாக முட்டையிட்டன, அவற்றையே தங்களுக்குள் சேர்த்தபோது குஞ்சுகள் பெரிதும் சிறிதுமாக வந்து முட்டையும் குறைந்தது என்கிறீர்கள். தீவனத்தில் குறையில்லை. கலப்பு வீரியம், அதாவது இரண்டு இனம் கலப்பதால் குஞ்சுகளுக்கு வரும் கூடுதல் திறன், முதல் தலைமுறையில்தான் முழுமையாக இருக்கும். அடுத்ததில் ஏறத்தாழப் பாதி போய்விடும்.

கலப்பு ஆண்களைக் கறிக்கு ஒதுக்குங்கள். இரண்டு இனத்தையும் தனித்தனியே தூய்மையாகப் பராமரித்து, ஒவ்வொரு முறையும் தூய கேம்பல் ஆணையே நாட்டுப் பெட்டைகளோடு விடுங்கள், 5-6 பெட்டைக்கு ஓர் ஆண். பழைய ஆணை நீக்கிய பிறகு 3 வாரம் அடைக்கு முட்டை எடுக்கவே கூடாது. பெட்டையின் உடலில் பழைய விந்து தங்கியிருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

எடைக்காகப் பெக்கின் என்ற பெரிய கறி இனத்தின் ஆணை விட்டால் சின்னப் பெட்டைகளின் முதுகு புண்ணாகும், நீந்தத் தண்ணீர் கொடுங்கள். மஸ்கோவி என்ற வேறு வகை வாத்தோடு செய்யும் கலப்பு கறிக்கு மட்டும்தான், குஞ்சுகள் மலடு.